பெரெட் என்னும் வளர்ப்புப் பிராணி: அதன் சுபாவமும் ஊக்கமும்

உழவு மாடு வாங்கப் போகும் குடியானவர் அதன் பல்லையும் குளம்பையும் மாத்திரம் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. மாடு மிரளுமா, முட்டுமா, ஏரில் படுத்துக்கொள்ளுமா, வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும் என்றெல்லாம் விசாரித்த பின்னரே விலை பேசத் துணிகிறார். உடற்கட்டு ஒன்று, சுபாவம் மற்றொன்று. இரண்டும் தெரிந்தாலன்றி ஒரு பிராணியிடம் வேலை வாங்கவும் முடியாது, அதை நலமாய் வைத்துக் காப்பாற்றவும் முடியாது என்பது அவருடைய அனுபவம். இந்த விதி பெரிய கால்நடைகளுக்கு மட்டும் உரியதன்று. மனிதன் தன் வீட்டில் சேர்த்துக்கொண்ட மிகச் சிறிய பிராணிக்கும் இது பொருந்தும்.

இதற்கு நல்ல உதாரணமாக விளங்குவது ஐரோப்பிய நாடுகளில் 2,000 ஆண்டுகளுக்கு மேலாக வளர்க்கப்பட்டு வரும் பெரெட் என்னும் பிராணி. முயல் பிடிப்பதற்கென்று பண்ணைகளில் வைத்திருந்த இதனை இக்காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் அநேகர் வீட்டுக்குள் செல்லமாகவும் வளர்க்கிறார்கள். இதன் சுபாவத்தை அறிந்தவர் கையில் இது பூனையைவிடக் குழைந்து பழகும். அறியாதவர் கையிலோ கடிக்கும், நோய்ப்படும், அல்லது வெளியே விடப்பட்டு ஒரு தேசத்துக்கே தீங்காய் முடியும். மூன்றுக்கும் சான்றுகள் உண்டு. அவற்றை முறையே கீழே காண்போம்.

1. குலமும் வரலாறும்

பெரெட் பார்வைக்கு நம் கீரியைப் போலிருக்கும். ஆயினும் இது கீரியின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நம் ஆறுகளில் மீன் பிடித்துத் தின்னும் நீர்நாயும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வசிக்கும் நீலகிரி மார்ட்டெனுமே இதற்கு நெருங்கிய உறவு. ஐரோப்பாவில் காட்டோரங்களிலும் வயல்வெளிகளிலும் திரியும் போல்கேட் என்னும் காட்டுப் பிராணி இதன் முன்னோர். ஓநாயின் வழியில் நாய் தோன்றியது போலப் போல்கேட்டின் வழியில் பெரெட் தோன்றிற்று.

ஆண் பெரெட் சுமார் 2 முதல் 4 ராத்தல் வரை நிறையுள்ளது. பெண் அதில் ஏறக்குறையப் பாதி. நெடிய உடல், குட்டையான கால்கள், எப்பக்கமும் வளையும் முதுகெலும்பு, குறுகிய தலை ஆகிய இவை இதன் அடையாளங்கள். தலை நுழைந்த துவாரத்தில் உடல் முழுவதும் நுழைந்துவிடும். நிறம் பழுப்பும் கறுப்பும் கலந்தது. சிவந்த கண்ணுடைய வெள்ளை நிறத்தனவும் உண்டு. புதரிலும் புல்லிலும் சுலபமாய்க் கண்ணுக்குப் புலப்படும் என்பதால் வேட்டைக்காரர் பலர் வெள்ளையையே விரும்பினர். பெரெட் என்னும் பெயருக்கு லத்தீன் மொழியில் சிறு திருடன் என்று பொருள். அப்பெயரின் பொருத்தம் பின்னர் விளங்கும்.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் இருந்த ஸ்திராபோ என்னும் கிரேக்க பூகோள ஆசிரியர் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். ஸ்பெயின் தேசத்துக்குக் கிழக்கேயுள்ள பலியாரிக் தீவுகளில் முயல்கள் மிதமிஞ்சிப் பெருகிப் பயிர்களின் வேரையும் தின்று அழித்தன. அக்குடிகள் தங்களுக்கு வேறு நிலம் வேண்டுமென்று ரோமாபுரிக்குத் தூது அனுப்பினார்களாம். முயலை வளையிலிருந்து வெளிப்படுத்துவதற்கு வாய்க்கட்டுப் போட்ட ஒருவகைச் சிறு பிராணியை உள்ளே விடும் வழக்கத்தையும் அவர் விவரிக்கிறார். அது பெரெட்டே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. ஆகவே, பயிரைக் காக்கும் முயற்சியிலேயே இப்பிராணி மனிதனுடைய கைக்கு வந்தது எனலாம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதன் உடலும் புத்தியும் வளைக்குள் நுழைந்து இரையைத் தேடுவதற்கென்றே அமைந்தவை. இருட்டிலே கண் அதிகம் உதவாது. மூக்கும் காதும் உதவும். ஆதலால் இதன் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. குழாய், பெட்டியின் அடி, சுவரின் விரிசல், காற்சட்டையின் உள் எனத் துவாரம் எதுவாயினும் அதனுள் புகுந்து பார்த்தாலன்றி இதற்கு மனம் அடங்காது. இதனைக் குறும்பு என்று தண்டிப்பது, கன்று துள்ளுவதற்காகக் கன்றை அடிப்பதை ஒக்கும்.

2. உறக்கமும் ஊக்கமும்

பெரெட்டைப் புதிதாய் வாங்கியவர் முதல் வாரத்தில் இரண்டு வகையாய்த் திகைப்பார். நாளில் பெரும்பகுதி தூங்குகிறதே, நோயோ என்பது ஒன்று. விழித்தவுடன் பேய் பிடித்தது போல் ஓடுகிறதே, வெறியோ என்பது மற்றொன்று. இரண்டும் அல்ல. நன்னிலையிலுள்ள பெரெட் ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் உறங்கும். எஞ்சிய நேரத்தைப் பல சிறு கூறுகளாகப் பிரித்து, அக்கூறுகளில் தன் பலம் முழுவதையும் செலவிடும். வண்டிமாடு நாள் முழுவதும் ஒரே நடையில் இழுக்கும் பிராணி. பெரெட் ஒரு நாழிகையில் ஓடித் தீர்த்துவிட்டு விழுந்து உறங்கும் பிராணி. ஒன்றன் அளவுகோலால் மற்றொன்றை அளத்தல் கூடாது.

இயல்பாக இது விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும் அதிகமாய் நடமாடும். ஆனால் வளர்ப்பவருடைய நாள்முறைக்கு விரைவில் தன்னை ஒத்துவைத்துக்கொள்ளும். தினந்தோறும் ஒரே வேளையில் கூட்டைத் திறந்துவிட்டால் அந்த வேளைக்குத் தானே எழுந்து கதவண்டை காத்திருக்கும். நாளொன்றுக்கு 2 முதல் 4 மணி நேரமாவது கூட்டுக்கு வெளியே, கண்காணிப்பில், ஓடியாட விடுதல் அவசியம். இதனைக் கொடாமல் அடைத்தே வைத்தால் கம்பியைக் கடித்தும், ஒரே மூலையைப் பிறாண்டியும், ஒரே தடத்தில் முன்னும் பின்னுமாக நடந்தும் தன் ஊக்கத்தை வீணாக்கும். அப்படிப்பட்டது வெளிவந்தவுடன் கையைக் கடிப்பது வழக்கம். குற்றம் பிராணியினுடையதன்று.

இதன் உறக்கம் மிக ஆழ்ந்தது. சில சமயம் தூக்கி எடுத்து அசைத்தாலும் தலை தொங்கி, உயிரற்றது போல் கிடக்கும். அப்போது பதற வேண்டுவதில்லை. மார்பு ஏறி இறங்குகிறதா, உடல் வெதுவெதுப்பாய் உள்ளதா, ஈறு இளஞ்சிவப்பாய் இருக்கிறதா என்று மூன்றையும் நோக்குக. மூன்றும் சரியாயிருந்தால் விருப்பமான தீனியை மூக்கின் அருகே பிடித்தால் போதும். மோப்பம் முதலில் விழிக்கும், பின்பு கண் விழிக்கும். எழுந்தவுடன் சிறிது நேரம் உடல் நடுங்குவதும் இயற்கையே. உறக்கத்தில் தாழ்ந்த உடற்சூட்டை ஏற்றிக்கொள்வதற்கான நடுக்கம் அது.

பருவகாலமும் ஊக்கத்தை மாற்றும். பகல் நீளும் வசந்தத்தில் சுறுசுறுப்பு மிகும். பகல் குறுகும் குளிர்காலத்தில் உறக்கமும் கொழுப்பும் கூடும். வயதும் அவ்வாறே. இதன் ஆயுள் சாதாரணமாக 6 முதல் 8 ஆண்டுகள். முதல் ஆண்டில் ஓயாத ஆட்டம். இரண்டாவது, மூன்றாவது ஆண்டுகளில் நிதானம். ஐந்தாவது ஆண்டுக்குப் பின் மடியில் உறங்கும் விருப்பம். நிதானமான பிராணி வேண்டுபவர் குட்டியை வாங்காமல் வளர்ந்ததை வாங்குதல் நலம்.

3. சுபாவத்தை அறிவிக்கும் குறிகள்

பெரெட் தன் மனநிலையை உடலாலும் ஒலியாலும் தெளிவாகவே அறிவிக்கிறது. படிக்கத் தெரியாதவர்தாம் தவறாய்ப் பொருள் கொள்கின்றனர்.

கூத்து: முதுகை வில்லாய் வளைத்து, வாயைத் திறந்து, நான்கு காலாலும் பக்கவாட்டில் குதித்து, சுவரிலும் நாற்காலியிலும் மோதிக்கொண்டு ஆடும். கண்டவர் சண்டைக்கு வருகிறது என்று அஞ்சுவர். உண்மையில் இது பெருமகிழ்ச்சியின் குறி. விளையாட வா என்னும் அழைப்பு.

கொக்கரிப்பு: கோழி மெல்லக் கொக்கரிப்பது போன்ற ஒலி. விளையாட்டிலும் புதிய இடத்தை ஆராய்கையிலும் எழும். இதுவும் மகிழ்ச்சியே.

சீறல்: பாம்பு சீறுவது போன்ற ஒலி. கோபம் அல்லது அச்சத்தின் எச்சரிக்கை. சீறும்போது கையை நீட்டலாகாது. சிறிது நேரம் தனியே விடுதல் வேண்டும்.

அலறல்: கூர்மையான நீண்ட ஓலம். கடும் வலி அல்லது பேரச்சத்தின் அடையாளம். உடனே சென்று பார்க்கத்தக்கது.

வால் மயிர் சிலிர்த்தல்: ஊக்கம் மிகுந்தமைக்கு அறிகுறி. மகிழ்ச்சியிலும் சிலிர்க்கும், பயத்திலும் சிலிர்க்கும். ஆகையால் வாலை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் முகத்தையும் ஒலியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயந்தபோது வால் சிலிர்த்ததுடன் பின்வாங்கும், சீறும். மகிழ்ந்தபோது வால் சிலிர்த்ததுடன் முன்னே பாயும், கொக்கரிக்கும். மிகுந்த திகிலில் வாலடியிலுள்ள சுரப்பியிலிருந்து துர்நாற்றத்தைப் பீறிடவிடும். அது சிறிது நேரத்தில் அகன்றுவிடும்.

திருட்டு: சாவி, காலுறை, ரப்பர்த் துண்டு முதலியவற்றை இழுத்துச் சென்று இருண்ட மூலையில் குவித்து வைக்கும். இரையைப் பதுக்கும் காட்டுப் பழக்கத்தின் எச்சம் இது. வேடிக்கையாய்த் தோன்றினும் ஓர் ஆபத்து உண்டு. ரப்பரை மென்று விழுங்கினால் குடல் அடைத்து மரணம் நேரும். பதுக்கிடத்தை அடிக்கடி சோதித்து அப்பொருள்களை அகற்றிவிட வேண்டும்.

4. கடிப்பதும் கடியாதிருக்கப் பழக்குவதும்

பெரெட்டின் மேல் மக்கள் கூறும் முதற்குறை அது கடிக்கும் என்பதே. குட்டிகள் ஒன்றையொன்று கடித்தே விளையாடுகின்றன. அவற்றின் தோல் தடித்தது. மனிதனுடைய கைத்தோல் மெல்லியது. இந்த வித்தியாசத்தைக் குட்டி தானே அறியாது. நாம் அறிவிக்க வேண்டும்.

குட்டி பிறக்கையில் குருடு. ஏறக்குறைய ஐந்தாவது வாரத்தில் கண் திறக்கும். 6 முதல் 8 வாரத்தில் பால் மறக்கும். இந்தப் பால் மறக்கும் பருவமே பழக்குவதற்கு உயர்ந்த காலம். அப்போது தினந்தோறும் மென்மையாய்க் கையில் எடுத்துப் பேசிப் பழக்கிய குட்டி ஆயுள் முழுவதும் மனிதரை நம்பும். அப்பருவத்தில் மனிதர் கை படாது வளர்ந்தது பெரிதும் அஞ்சும், அஞ்சுவது கடிக்கும்.

பழக்கும் முறை பின்வருமாறு. எடுக்கும்போது மேலிருந்து பருந்து பாய்வது போல் கையைக் கொண்டுவரலாகாது. பக்கத்திலிருந்து நிதானமாகக் கொண்டுவந்து, ஒரு கையால் மார்பையும் மற்றொரு கையால் பின்புறத்தையும் தாங்க வேண்டும். கடித்தால் கையை வெடுக்கென்று இழுத்தல் கூடாது. இரை ஓடுகிறது என்று எண்ணி இன்னும் இறுகப் பற்றும். பிடரித் தோலைப் பற்றித் தூக்கினால் உடல் தளர்ந்து கொட்டாவி விடும். வாய் தானே திறக்கும். பின்பு விளையாட்டை நிறுத்திச் சில நிமிஷம் கூட்டில் விட வேண்டும். கடித்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்பதை அது சில நாட்களில் உணரும். அடித்தல் அறவே ஆகாது. அடி வாங்கிய பெரெட் கையைப் பகையாகவே கருதும். மாமிசம் தொட்ட விரலைக் கழுவாமல் நீட்டுவதும், கம்பியின் வழியே விரலால் தீனி கொடுப்பதும் கடிக்கக் கற்பிப்பதற்குச் சமம்.

எவ்வளவு சாதுவாயினும் கைக்குழந்தையுடன் பெரெட்டைத் தனியே விடலாகாது. கோழி, முயல், எலி முதலியவை உள்ள இடத்திலும் விடலாகாது. பழக்கம் கடியை மாற்றும். வேட்டைக் குணத்தை மாற்றாது.

5. ஊக்கத்துக்கு ஆதாரமான ஆகாரம்

பெரெட் மாமிசம் ஒன்றையே உண்டு வாழும் பிராணி. இதன் குடல் குட்டை. உண்ட உணவு 3 அல்லது 4 மணி நேரத்தில் வெளியாகிவிடும். நார்ப்பொருளையும் தானியத்தையும் புளிக்கச் செய்து சத்தெடுக்கும் உறுப்பு இதற்கில்லை. ஆதலால் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணும். நாளில் எட்டுப் பத்து முறையும் உண்பதுண்டு. நீண்ட நேரம் பட்டினி கிடக்க இதனால் இயலாது. ஆகாரத்தில் 100-க்கு 30 முதல் 40 பங்கு மாமிசப் புரதமும், 15 முதல் 20 பங்கு கொழுப்பும் இருத்தல் வேண்டும். சுத்தமான தண்ணீர் எப்போதும் எதிரில் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் முற்காலத்துப் பண்ணையாட்கள் இதற்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுப்பது வழக்கம். செலவு குறைவு, பிராணியும் ஆவலுடன் தின்றது. ஆனால் கழிச்சலும் மெலிவும் உண்டாயின. ஆவலுடன் தின்பதெல்லாம் ஏற்ற தீனி என்று கருதலாகாது. சர்க்கரை, பழம், மாப்பண்டம் ஆகியவற்றைச் செல்லமாய்க் கொடுப்பதும் அவ்வாறே விலக்கத்தக்கது.

6. ஆண், பெண், பருவம்

வசந்தத்தில் பகல் நீளும்போது இவற்றுக்குப் பருவம் வரும். அப்போது ஆணுக்கு வாடை மிகும். பிற ஆண்களோடு கடுஞ்சண்டை இடும். பெண்ணின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. பெண் பெரெட் ஆணுடன் சேர்ந்தாலன்றிப் பருவம் தணிவதில்லை. சேராது விட்டால் வாரக்கணக்காகப் பருவம் நீடித்து, உடலில் ஊறும் பருவச் சத்து எலும்பின் ஊனைக் கெடுத்து, இரத்தம் வற்றி இறக்க நேரும். குட்டி வேண்டாதவர் பெண்ணை அப்படியே விட்டுவைத்தல் கொலைக்கு ஒப்பாகும். கால்நடை மருத்துவரைக் கொண்டு ஏற்ற சிகிச்சை செய்துவிட வேண்டும். கருப்பகாலம் 42 நாட்கள்; ஈற்றுக்குச் சுமார் 8 குட்டிகள். குட்டியுள்ள தாய், எவ்வளவு சாதுவாயினும், முதல் வாரங்களில் கடிக்கும். கூட்டைக் கலைக்காதிருத்தல் நலம்.

7. சோம்பலா, நோயா?

ஊக்கத்தின் இயல்பான அளவை அறிந்து வைத்திருப்பதன் பெரும்பயன், அது குறையும்போது உடனே கண்டுகொள்வதாகும். உறங்கும் நேரத்தைக் கொண்டு நோயைத் தீர்மானித்தல் இயலாது. விழித்திருக்கும் நேரத்தில் எவ்வாறு இருக்கிறது என்பதே உரைகல். விழித்தும் விளையாடாமலும், தீனியை மறுத்தும், பின்னங்கால் துவண்டும், வெறித்த பார்வையுடனும், வாயைக் காலால் பிறாண்டி எச்சில் ஒழுக்கியும் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்திருக்கக் கூடும். நடுவயதுக்கு மேற்பட்டவற்றில் கணையத்தில் கட்டி உண்டாவதால் இது பெரும்பாலும் நேர்கிறது. வாலிலிருந்து தொடங்கி முதுகில் மயிர் உதிர்தல் மற்றொரு சுரப்பியின் கோளாறு. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் பெரெட்டுக்கு வந்தால் பிழைப்பதில்லை என்றே சொல்லலாம். தடுப்பு ஊசி ஒன்றே காப்பு.

மனிதருடைய இன்புளூயன்சா ஜுரமும் இதற்குத் தொற்றும். 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூன்று ஆராய்ச்சியாளர் மனித இன்புளூயன்சாவின் நச்சுக்கிருமியைப் பிரித்து அறிந்தது பெரெட்டுகளுக்கு அந்நோயை ஏற்றிப் பார்த்தே. ஜலதோஷ ஜுரம் உள்ளவர் பெரெட்டை எடுக்காதிருத்தல் இரு பாலாருக்கும் நன்மை.

யாவற்றிலும் விரைந்து கொல்வது வெப்பம். இதற்கு வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் சக்தி மிகக் குறைவு. 80 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் துன்புறத் தொடங்கும். 90 டிகிரியில் மூடிய கூட்டில் வைத்தால் சிறிது நேரத்திலேயே மடியும். நம் சமவெளிகளில் ஆண்டின் பெரும்பகுதி இவ்வளவுக்கு மேற்பட்ட வெப்பமே என்பது சொல்ல வேண்டுவதில்லை.

8. வேலையில் சுபாவத்தைப் பயன்படுத்துதல்

முயல் வளையில் பெரெட்டை விடும் முறையில் இதுகாறும் கூறிய யாவும் ஒருங்கே விளங்கும். வளையின் வாய்களிலெல்லாம் சுருக்குவலை பரப்பி, ஒரு வாயில் பெரெட்டை உள்ளே விடுவர். அதன் வாடையை உணர்ந்த முயல் வெளியே பாய்ந்து வலையில் விழும். ஆனால் பெரெட் உள்ளேயே முயலைக் கொன்றுவிட்டால் வயிறு நிறையத் தின்று அங்கேயே உறங்கிவிடும். வேட்டைக்காரர் மணிக்கணக்காய்க் காத்திருக்க வேண்டும், அல்லது மண்வெட்டி எடுத்துத் தோண்ட வேண்டும். இதற்காகவே முற்காலத்தில் ஆண் பெரெட் ஒன்றைக் கயிறு கட்டி உள்ளே அனுப்பி, கயிற்றின் வழியே தோண்டிச் சென்றனர். இக்காலத்தில் கழுத்துப் பட்டையில் சைகை அனுப்பும் சிறு கருவி பொருத்துகிறார்கள்.

இங்கே அறியாதவர் செய்யும் தவறு பிராணியைப் பட்டினி போட்டு விடுதலாகும். பசித்தால் நன்றாய் வேட்டையாடும் என்று எண்ணுகின்றனர். பசித்தது முயலை வெளியே துரத்தாது. உள்ளேயே கொன்று தின்று உறங்கும். வயிறு புடைக்க உண்டதும் வேலை செய்யாது, அதுவும் உறங்கும். ஆகவே தேர்ந்தவர் காலையில் இலேசாகத் தீனி கொடுத்து, உறங்கி எழுந்த ஊக்கத்தில் வேலைக்கு விடுவர். சில வளைகளுக்குப் பின் ஓய்வு கொடுத்து, மற்றொன்றை விடுவர். 1953-இல் மிக்ஸோமடோசிஸ் என்னும் கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் வந்து முயல்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தபின் இந்த வேலை அங்கே குறைந்தது. எனினும் இன்றும் அற்றுப்போகவில்லை.

9. சுபாவத்தை எண்ணாமல் விட்டதன் விளைவு

மனிதன் கையிலும் கூட்டிலும் இருந்தபோது பயனளித்த இதே பிராணி, வெளியே விடப்பட்டபோது என்ன செய்தது என்பதற்கு நியூஜீலாந்தே சான்று. அத்தீவுகளில் வௌவாலைத் தவிரத் தரைவாழ் பாலூட்டிகள் இயற்கையாக இல்லை. அதனால் அங்குள்ள பறவைகள் பல பறக்கும் திறனை இழந்து, தரையிலேயே கூடு கட்டின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறியவர் கொண்டுவந்த முயல்கள் பெருகி, ஆட்டுப் புல்வெளிகளைப் பாழாக்கின. முயலுக்கு எதிரி பெரெட் ஆயிற்றே என்று 1880-களில் பெரெட்டுகளையும், அதன் இனமான ஸ்டோட், வீசல் என்பவற்றையும் வரவழைத்து வெளியில் விட்டனர். பறவை ஆராய்ச்சியாளர் அக்காலத்திலேயே ஆட்சேபித்தனர், கேட்பாரில்லை.

முயல் ஒழியவில்லை. பெரெட்டோ சுலபமாய் அகப்படும் இரையை நாடிற்று. முயல் குறைந்த ஆண்டுகளில் பறவைகளின்மேல் திரும்பிற்று. கிவி, தகாஹே, கருநிற நெடுங்கால் உள்ளான், பென்குவின் முதலியவை அதற்கு இரையாயின. கால்நடைகளுக்கு வரும் க்ஷயரோகத்தைச் சுமந்து திரியவும் அது காரணமாயிற்று. ஆட்டுக்காரர் தம் புல்லைக் காக்க விட்ட பிராணி மாட்டுக்காரரின் தொழுவத்துக்கு ஆபத்தாய் முடிந்தது. 2002-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் பெரெட்டை விற்பதையும் இனம்பெருக்குவதையும் தடை செய்தது. 2016-இல் தொடங்கிய பெருந்திட்டம் ஒன்று 2050-க்குள் இவ்வினங்களை அறவே அகற்றுவதை நோக்கமாகக் கொண்டுள்ளது. விட்டது சில ஆண்டுகளில். அகற்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது.

இதே பாடத்தை நம் கீரியும் கற்பித்திருக்கிறது. 1872-இல் ஜமெய்க்காத் தீவின் கரும்புத் தோட்டங்களில் எலியை ஒழிக்க இந்தியாவிலிருந்து 9 கீரிகளைக் கொண்டுபோய் விட்டனர். அவற்றின் சந்ததி 1883-இல் ஹவாய்த் தீவுகளுக்கும் சென்றது. எலி பெரும்பாலும் இரவில் நடமாடுவது. கீரி பகலில் நடமாடுவது. இந்த ஒரு சுபாவ வித்தியாசத்தை எண்ணாமையால் கரும்பில் எலி முற்றிலும் ஒழியவில்லை. தரையில் முட்டையிடும் பறவைகளும் கோழிகளும் அழிந்தன.

10. நமக்குரிய முடிவு

பெரெட் நம் சீமையின் வெப்பத்துக்கு ஏற்றதன்று. நம் வயல்களில் அதற்கு வேலையுமில்லை. அதனை எலிக்கென்று வரவழைக்கலாமா என்று எவரேனும் எண்ணினால், மேலே கூறியது போதிய விடையாகும். அதற்குப் பதிலாகக் கீரியைப் பிடித்து வளர்க்கலாமே என்பதும் தகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். வரப்பைக் குறுக்கிச் செதுக்கி வளை இல்லாமற் செய்தல், கூகை வந்து அமர வயலில் தாங்குகோல் நடுதல், சாரைப்பாம்பைக் கொல்லாது விடுதல் ஆகியவை நம் நிலத்துக்கு ஏற்ற முறைகள். இவை இங்கேயே பிறந்து இங்குள்ளவற்றோடு பழகியவை. ஊரில் எவரேனும் அயல்நாட்டுப் பிராணியைக் கொண்டுவந்து வெளியில் விட்டதாகத் தெரிந்தால், கிராம அதிகாரிகள் காலதாமதமின்றிக் கால்நடை மருத்துவருக்கும் வன அதிகாரிக்கும் அறிவித்தல் கடமை.

சாராம்சம்

(1) பெரெட்டுக்கு நாளில் 14 முதல் 18 மணி நேர உறக்கம் இயல்பு. விழித்த நேரத்து ஊக்கமே நலத்தின் அளவுகோல்.

(2) கூத்தும் கொக்கரிப்பும் மகிழ்ச்சி, சீறல் எச்சரிக்கை, அலறல் துன்பம்.

(3) கடி பெரும்பாலும் அச்சம், அடைப்பு, பழக்கமின்மை ஆகியவற்றின் பயன். அடியால் திருந்தாது, பொறுமையால் திருந்தும்.

(4) மாமிச ஆகாரமும், தினசரி ஓட்டமும், குளிர்ந்த இடமும் இன்றியமையாதவை.

(5) வேலைக்கு விடுமுன் பசியாகவும் வைக்கலாகாது, வயிறு நிரப்பவும் கூடாது.

(6) கையில் சாதுவாயிருக்கும் பிராணி காட்டிலும் சாதுவாயிருக்கும் என்று எண்ணலாகாது. எப்பிராணியையும் புதிய இடத்தில் விடுமுன், அது எப்போது விழிக்கும், எதைத் தின்னும், அது தீர்ந்தபின் எதைத் தின்னும் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டுகொள்ளல் வேண்டும்.